மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சட்டம்

எங்கள் ஊரில் யாரிடம் போய் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார்கள். இன்றைக்கு மழை வருமா என்றால் ஓம். வராது போலிருக்கிறதே என்றால் அதற்கும் ஓம். வெளியூர் ஆட்கள் இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏமாந்து போவார்கள். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு மேல் அந்த ஓமுக்குப் பொருள் இல்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல இங்கே ஒருவரும் பழகவில்லை. நான் மட்டும் வேறு மாதிரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதை என் கணவர் கலியாணம் கட்டிய வருடமே கண்டுபிடித்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஊரில்தான் நான் ஒரு சட்டம் கொண்டுவரப் புறப்பட்டேன். பாராளுமன்றத்துச் சட்டம் என்று பயந்துவிடாதீர்கள். முள்ளியவளைப் பக்கம் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற ஊர் எங்களது. மாரிமழையோடு விதைக்கிற ஒவ்வொரு காலபோகத்துக்கும் முன்னால், வயல் செய்கிற கமக்காரர்களின் கூட்டம் ஒன்று நடக்கும். எப்போது குளம் திறப்பது, எப்போது விதைப்பை முடிப்பது, எந்தத் திகதிக்குப் பிறகு மாடுகள் வயல்வெளிக்குள் நிற்கக் கூடாது, நின்றால் என்ன செய்வது என்பதையெல்லாம் கை தூக்கி முடிவு செய்வார்கள். அரசாங்க அதிகாரி ஒருவர் முன்னால் இருந்து பதிந்துகொள்வார். அங்கே முடிவானால் முடிவானதுதான். மீறினால் வழக்கு வரை போகலாம்.

கை தூக்குவதற்கு வயல் வேண்டும். வயல் பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருக்கும். மாடுகளோ பெண்களுடையவை. சீதனத்தோடு ஒரு பசு வந்திருக்கும், அது பெருகிப் பட்டியாகிவிடும். கறப்பதும் கழுவுவதும் பால் வண்டிக்காரரோடு மல்லுக்கட்டுவதும் நாங்கள். ஆகவே மாடுகளைப் பற்றிய சட்டத்தை, ஒரு நாளும் மாடு கறந்தறியாத கைகள்தான் இத்தனை காலமும் தூக்கித் தூக்கிச் செய்துகொண்டிருந்தன. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் இந்தச் சண்டையில் இறங்கியதற்குக் காரணம் என் சிவலைப் பசு. நல்ல பால்காரி. குணம்தான் சரியில்லை. வேலி என்று ஒன்றைக் கண்டால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடாது. கயிற்றை அறுக்கும், கட்டையைப் பிடுங்கும், படலையைக் கொம்பால் தூக்கித் திறக்கும். "ஆளைப் போலதான் மாடும்" என்று என் கணவர் ஒருநாள் பகிடிவிட்டார். அன்று மத்தியானம் அவருக்குச் சோறும் வெறும் சம்பலும்தான்.

நான் சட்டத்துக்குப் புறப்பட்ட அந்த வருடம் மாசி மாதம் அவருக்கு வவுனியா ஆசுபத்திரியில் ஒரு சத்திரசிகிச்சை. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். சிவலையைக் கவனமாகக் கட்டி வையுங்கோ என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். ஓம் என்றாள். அந்த ஓமின் பொருளைத்தான் மேலே சொல்லிவிட்டேனே. சிவலை வயலுக்குள் இறங்கிவிட்டது. பிடித்தவர்கள் வழமைப்படி சந்தியடியில் இருக்கிற அடைப்புப் பட்டிக்குச் சாய்த்துக்கொண்டு போய் அடைத்துவிட்டார்கள். சுற்றிவர முள்ளுக்கம்பி, நடுவில் வெறும் நிலம். நிழலுக்கு ஒரு மரம் இல்லை, தண்ணீருக்கு ஒரு வாளி இல்லை. யாரும் கொடுமை செய்ய நினைத்துச் செய்ததல்ல. தண்ணீர் வைப்பது யாருடைய வேலை என்று ஒரு கூட்டத்திலும் முடிவெடுக்கவில்லை, அதனால் ஒருவரும் வைக்கவில்லை.

நான் மறுநாள் பின்னேரம்தான் வந்து சேர்ந்தேன். சிவலை அப்போது நிறைசினை. வீட்டுக்குக் கூட்டிவந்து கொஞ்ச நேரத்தில் கன்று செத்துப் பிறந்தது. அதை எழுப்புவதற்கு அந்தப் பசு நக்கி நக்கிப் பார்த்தது. நான் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம் நன்றாக வரும்.

சித்திரை பிறந்த கையோடு சிவலை மறுபடி சினைப்பட்டது. தை மாதம் ஈன வேண்டும். தை என்றால் நெல் பால் பிடிக்கிற நேரம். மாடு ஒன்று வரம்பில் கால் வைத்தாலே ஊர் எழும்பிவிடும். இந்த மாட்டைக் கட்டி வைக்க என்னால் முடிந்ததெல்லாம் செய்வேன்; ஆனால் அதன் குணமும் எனக்குத் தெரியும். அதற்குள் சட்டத்தை மாற்றாவிட்டால் இந்தக் கன்றும் போய்விடும் என்று பயந்தேன்.

புரட்டாதியில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போனேன். நான் கேட்டது மூன்றே விடயம். பிடித்த மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். நிழலில் நிறுத்த வேண்டும். சினைமாட்டைப் பட்டிக்குச் சாய்க்காமல், பிடித்த இடத்திலேயே கட்டிவிட்டு உடையவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

"ஓம் ஓம், வாயில்லாச் சீவன்தானே" என்றார்கள் ஒரு வீட்டில்.

"ஓம் அக்கா, இதை நாங்கள் எப்பவோ செய்திருக்க வேணும்" என்றார்கள் அடுத்த வீட்டில்.

இடம்பெயர்ந்து போய்த் திரும்பிவந்து வயலும் ஆடுமாக இருக்கிற முஸ்லிம் அண்ணர் ஒருவர்தான் நான் கேட்டதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார். "அறுக்கிற ஆட்டுக்கே தண்ணி காட்டிப்போட்டுத்தான் நாங்க அறுக்கிறது. உயிரோட நிக்கிற மாட்டுக்குத் தண்ணி குடுக்கிறதுக்கு ஏன் தங்கச்சி ஒரு கூட்டம்?" என்றார். நியாயமான கேள்விதான்.

கடைசி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சங்கதி வெளியே வந்தது. எனக்கு முதலே அதே வீடுகளுக்கெல்லாம் கமக்கார அமைப்பின் தலைவரும் போயிருக்கிறார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயல் செய்கிறவர். பிடிபட்ட மாடு எதுவானாலும் நேரே பட்டிக்குப் போக வேண்டும், இது நல்ல மாடு, இது பாவப்பட்ட மாடு என்ற கதையே இருக்கக் கூடாது என்பது அவருடைய கோரிக்கை. அதற்கும் எல்லா வீட்டிலும் ஓம் சொல்லியிருக்கிறார்கள். முந்திய போகத்தில் அவருடைய வயலின் ஒரு மூலையை மாடுகள் மொட்டையடித்துவிட்டன. மனுசன் பனியிலும் குளிரிலும் காவலிருந்து வளர்த்த பயிர். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆக, ஊரின் ஏகமனதான ஆதரவு எனக்கு இருந்தது. எனக்கு எதிரான கோரிக்கைக்கும் ஊரின் ஏகமனதான ஆதரவு இருந்தது.

கூட்டத்தில் எனக்குக் கை இல்லை என்பதால் என் கணவரைத் தயார்படுத்தினேன். அவர் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையைப் பழக்குவதுபோல் ஒரு கிழமை பழக்கினேன். குளிக்கும்போது கிணற்றடியில் சொல்லுவார்: "ஒண்டு தண்ணி, ரெண்டு நிழல், மூண்டு சினைமாடு." கிணற்றுக்கு நன்றாகவே சொன்னார்.

பொதுநோக்கு மண்டபம் நிறைந்துபோயிருந்தது. அதிகாரி புதிதாக மாற்றலாகி வந்த இளம்பெண், யாழ்ப்பாணத்துப் பட்டணத்துப் பிள்ளை. நாங்கள் பெண்கள் கொஞ்சப் பேர் பின்னுக்கு, கதவடியில் நின்றோம். குளம் திறக்கிற திகதி, விதைப்புத் திகதி எல்லாம் முடிந்து மாட்டுக் கதை வந்தது. தலைவர் எழுந்தார். கணீரென்ற குரல். தன் கோரிக்கையை வைத்தார். அழிந்துபோன மூலையைப் பற்றிச் சொன்னபோது எனக்கே பாவமாக இருந்தது. பிறகு என் கணவர் எழுந்தார்.

"ஒண்டு... தண்ணி" என்றார். "பிடிச்ச மாட்டுக்குத் தண்ணி வைக்க வேணும். ரெண்டாவது நிழல்." நிறுத்தினார். மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார். "மூண்டாவது... மூண்டாவதை மனுசியிட்டக் கேட்டுச் சொல்லுறன்."

மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவடியில் நின்றபடியே கத்தினேன்: "சினைமாட்டைப் பட்டிக்குச் சாய்க்கக் கூடாது! பிடிச்ச இடத்தில கட்டிப்போட்டு ஆளுக்குச் சொல்ல வேணும்!"

அதிகாரி என்னைப் பார்த்தார். "உங்களுக்கு வயல் இருக்கோ அம்மா?"

"மாடு இருக்கு மிஸ்" என்றேன்.

"மாட்டுக்குப் பந்தல் போட்டு, பன்னீர் தெளிச்சு, பாட்டும் போட்டுவிடுவமோ தங்கச்சி?" என்றார் தலைவர். மறுபடியும் சிரிப்பு. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்றவள் என் சேலையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அது நல்லதுக்குத்தான்.

அதிகாரி முதலில் தலைவரின் கோரிக்கைக்குக் கை தூக்கச் சொன்னார். மண்டபம் முழுக்கக் கைகள். தோற்றோம் என்று நினைத்தேன். அடுத்து எங்கள் கோரிக்கைக்குக் கேட்டார். மண்டபம் முழுக்க அதே கைகள். நான் எட்டிப் பார்த்தேன். தலைவரே கை தூக்கியிருந்தார்! என் கணவர் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார், ஏதோ தூரத்து உறவும் வேறு. பக்கத்தில் இருக்கிறவனுடைய கதைக்குக் கை தூக்காமல் இருக்க எங்கள் ஊரில் ஆள் பிறக்கவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, தலைவரின் கோரிக்கைக்கு என் கணவரும் தூக்கியிருந்தாராம். அதை வீட்டுக்குப் போன பிறகுதான் அறிந்தேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்டுக்கு ஒண்டு எதிரான கதை. நீங்கள் எப்பிடி ரெண்டுக்கும் கை தூக்கிறீங்கள்?"

நடு வரிசையிலிருந்து ஒருவர் பொறுமையாக விளக்கினார்: "ரெண்டு பேரும் எங்கட ஆக்கள்தானே பிள்ளை."

"சரி, ஆர் எதிர்ப்பு? எதிர்க்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

ஒரு கையும் எழும்பவில்லை. அந்தப் பிள்ளை பேனாவைத் திரும்ப எடுத்தார். பிறகு கெட்டிக்காரத்தனமாக இரண்டையும் ஒன்றாகத் தைத்தார். சாதாரண மாடுகள் பட்டிக்குப் போகும், அங்கே தண்ணீரும் நிழலும் இருக்க வேண்டும். சினைமாடும் கன்று போட்ட மாடும் என்றால் பிடித்தவரே நிழலில் கட்டித் தண்ணீர் வைத்து உடையவருக்குச் சொல்ல வேண்டும். பயிர் நட்டத்தை மாட்டுக்காரர் கொடுத்தே ஆக வேண்டும். இதை வாசித்துவிட்டு, சம்மதமா என்று கேட்டார். என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

வரும் வழியில் என் கணவருக்குத் தேர்தலில் வென்ற சந்தோசம். "வெண்டாச்சு" என்றார்.

"என்னத்தை வெண்டனீங்கள்? அந்தக் கையெல்லாம் கையோ? தென்னோலை காத்துக்கு ஆடுற மாதிரி எல்லாத்துக்கும் ஆடுது. நாளைக்கு என்ர மாடு வயலுக்க இறங்கினா இதில ஒருத்தராவது தண்ணி வைப்பினமோ?"

"வைப்பினம்" என்றார்.

"நீங்கள் எல்லாத்துக்கும் ஓம் எண்டுவியள்."

எனக்கு அந்தச் சட்டத்தில் துளி நம்பிக்கையும் இல்லை. பட்டிக்குச் சீமெந்துத் தொட்டி ஒன்று வந்தது. நிழலுக்குத் தென்னோலைக் கிடுகு வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருக்க மார்கழியும் வந்துவிட்டது. நான் சிவலைக்குப் புதுக் கயிறு வாங்கினேன். கட்டையை ஆழமாக இறுக்கினேன். அதன் வயிறு பெருக்கப் பெருக்க எனக்குப் பயமும் பெருத்தது.

தைப் பொங்கல் முடிந்து சில நாளில், விடியக் கறக்கப் போனால் அறுந்த கயிறுதான் கிடந்தது. அப்போதே கைபேசி அடித்தது. தலைவரின் குரல். "தங்கச்சி, உங்கட மாடு என்ர வயலுக்க இறங்கிட்டுது. உடன வாங்கோ." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

என் கணவர் சேர்ட்டைத் தேடினார். "நில்லும், நானும் வாறன்."

"வேண்டாம். நீங்கள் வந்தா அங்கயும் கை தூக்குவியள்."

நேரே சந்தியடிப் பட்டிக்குப் பறந்தேன். அங்கேதான் அடைத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழி நெடுகச் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருந்தேன். பட்டி வெறுமையாகக் கிடந்தது. அடித்தே கொன்றுவிட்டார்களோ? ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வாய்க்கால் பாலத்தைக் கடந்து அவர் வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு முன்னால்தான் வயல். வரம்பிலிருந்து நடுவயல் வரைக்கும், ஒரு பாய் விரித்த அகலத்துக்கு, பால் பிடித்த நெல்லெல்லாம் மடங்கிக் கிடந்தது. கண்டதும் நான் பாடமாக்கி வைத்திருந்த பேச்சில் பாதி போய்விட்டது. முற்றத்துக்குப் போனேன். உழவு இயந்திரம் கொட்டிலுக்கு வெளியே பனியில் நனைந்துகொண்டு நின்றது. அது நிற்கிற தகரக் கொட்டிலுக்குள், வைக்கோலுக்கு மேல், சிவலை நின்றது. அதன் காலடியில் ஈரம் காயாத கன்று ஒன்று எழும்ப முயற்சி செய்து விழுந்தது, மறுபடி எழும்பியது. பக்கத்தில் பெரிய அலுமினியச் சட்டி நிறையத் தண்ணீர்.

தலைவர் சேற்றுக் காலோடு கதிரையில் இருந்தார். மனைவி சாக்கு ஒன்றால் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ" என்றார் தலைவர். "பாத்தனீங்களோ வயலை? ரெண்டு மாதம் நித்திரை இல்லாமல் காத்த பயிர். உங்கட மாட்டுக்குப் பிள்ளை பெற என்ர வயல்தான் கிடைச்சதோ? நடுவயலுக்க படுத்துக்கொண்டு முக்குது. நானும் இவவும் தள்ளி, இழுத்து, வரம்பில ஏத்தி, இஞ்ச கொண்டுவரப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். உழவு மெசினை வெளியில தள்ளிவிட வேண்டிப்போச்சு."

நல்ல ஏச்சு. ஒவ்வொன்றும் எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். பாடமாக்கிய பேச்சின் மிச்சப் பாதியும் போய்விட்டது. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

"பட்டிக்குச் சாய்ச்சிருக்கலாமே அண்ணை" என்று மட்டும் கடைசியில் கேட்டேன்.

அவர் என்னை மூளை கலங்கிய விசரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அதெப்பிடி? கூட்டத்தில கை தூக்கினனான் எல்லோ."

"அது சும்மா தூக்கினதுதானே."

"ஓம், சும்மாதான் தூக்கினனான். உங்கட மனுசன் பக்கத்தில இருந்தவர், மாட்டன் எண்டா நல்லா இருக்குமோ? ஆனா தூக்கினது தூக்கினதுதானே தங்கச்சி."

இதைக் கேட்டதும் நான் அழத் தொடங்கினேன். எனக்கு அப்படி அழ வராது. அவருடைய மனைவி பதறிப்போய்ச் சாக்கைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். தலைவரோ மெல்ல எழும்பி, ஏதோ வேலை இருப்பதுபோல் உழவு இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார். ஊர் முழுக்க ஒரு கையையும் நம்பாமல் மாதக்கணக்காக என் நித்திரையைக் கெடுத்தது நான்தான். கிணற்றடியில் பாடம் சொன்ன மனுசன் ஒருவர்தான், வைப்பினம் என்று சொன்னவர்.

கன்று எழும்பி நின்றுவிட்டது. அதை மடியில் விட்டுக் குடிக்க வைத்த பிறகு, மிச்சக் கடும்புப் பாலைக் கறந்தேன். ஈன்றதும் வருகிற அந்தத் தடித்த மஞ்சள் பாலை முதலில் நம் வீட்டுக்கு எடுத்துப்போவதுதான் வழக்கம். நான் அதைத் தலைவர் மனைவியின் குசினிக்குள், அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன். சீனி போட்டு ஆவியில் அவித்து எனக்கும் ஒரு துண்டு தந்தார். நெல்லுக்கு நான் என்ன கொடுக்க வேண்டும் என்று தலைவரிடம் கேட்டேன். அறுவடை முடியட்டும், பார்த்துச் சொல்லுகிறேன், விடமாட்டேன் என்றார். விடவும் இல்லை.

"இப்ப கொண்டுபோகாதேங்கோ. வெயில் ஏறுது. பொழுதுபடட்டும்" என்றார் பிறகு. கன்றுக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். "நாம்பனோ, நாகோ?"

"நாகு அண்ணை. பொம்பிளைப் பிள்ளை."

"பெட்டையோ? தாயைப் போல எண்டா அப்ப இதுவும் வேலி பாயும்."

"பாயும் அண்ணை" என்றேன்.

"ஓம்" என்றார் அவர். கன்றின் மூக்கில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பைத் தன் கையாலேயே எடுத்துவிட்டார்.